மறு: அமெரிக்க விடுதலைப் போர்ச் சொற்கள் - ‘பவுண்டி’க்குச் ‘சேர்கொடை’

அன்புடையீர், வணக்கம். படையில் சேர இசைபவருக்குத் தரப்பட்ட ‘பவுண்டி’ (bounty) என்பதற்குச் ‘சேர்கொடை’ என்று நான் எழுதுவது பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள்.

> பவுண்டி என்பதற்கு ‘ஊக்கத்தொகை’ போதுமே, பழகிய சொல்தானே?

பழகிய சொல் என்பதுதான் இடைஞ்சல். ஏற்கெனவே பணியில் இருப்பவர் கூடுதலாக உழைப்பதற்குத் தருவதையே நாம் ஊக்கத்தொகை என்கிறோம். பவுண்டியோ, மாதச் சம்பளத்துக்குப் புறம்பாக, படையில் சேர ஒப்புக்கொண்டதற்காகவே தரப்பட்டது. ‘முன்பணம்’ என்றால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்றாகும். ‘வெகுமதி’ செயல் முடிந்தபின் வருவது.

1775 இறுதியில் பாஸ்டனை முற்றுகையிட்டிருந்த அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டனின் வீரர்களுக்குப் பணிக்காலம் முடிந்துபோக, எதிரிகளான பிரித்தானியரின் கண்ணெதிரிலேயே ஒரு படையைக் கலைத்து இன்னொன்றைத் திரட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பட்டறிவுக்குப் பின், 1776 செப்டம்பரில் 88 பட்டாலியன்களை (படைப்பிரிவுகளை) திரட்ட முடிவுசெய்த காங்கிரசு (அமெரிக்க மாநிலங்களின் பொதுப் பேரவை), போர் முடியும்வரை பணியாற்ற இசையும் வீரருக்கு 20 டாலரும் 100 ஏக்கர் நிலமும் தருவதாக அறிவித்தது. நவம்பரில் மூன்றாண்டுக்குச் சேர்வோரையும் ஏற்றது. அவர்களுக்கு நிலம் கிடையாது. மாநிலங்களோ தத்தம் பங்குக்கு ஆள் பிடிக்க ஏலம் கேட்பதுபோல் தொகையை ஏற்றின. மாசசூசெட்ஸும் தன் பங்காகத் தொகையைக் கூட்டியது. ஓரிடத்தில் வாங்கிக்கொண்டு ஓடி, வேறொரு படைப்பிரிவில் சேர்ந்து மறுபடியும் வாங்கியவர்களும் உண்டு.

பணம், நிலம் இரண்டையும் தழுவ வேண்டியிருப்பதால் ‘சேர்பணம்’ பொருந்தாது, ‘சேர்கொடை’ பொருந்தும். கொடை என்றால் தானம் ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஓய்வுபெறும்போது பணிக்கொடை வாங்குகிற எவரும் அதைத் தானமாக நினைப்பதில்லை. நிலச் சேர்கொடை, சேர்கொடை மோசடி என்று கிளைச்சொற்களும் இயல்பாக அமைகின்றன.

1781 சனவரி 1 அன்று மாரிஸ்டவுன் அருகே பென்சில்வேனியப் படையினர் செய்த கலகத்தை எழுதும்போது ஊக்கத்தொகைக்கும் சேர்கொடைக்கும் உள்ள இந்த வேறுபாடு இன்றியமையாதது. ‘மூன்றாண்டு அல்லது போர் முடியும்வரை’ என்ற வாசகத்தை, எது முந்துகிறதோ அதுவரை என்று வீரர்களும், எது பிந்துகிறதோ அதுவரை என்று அதிகாரிகளும் படித்தார்கள். உடன்பாட்டின்போது, 1776, 1777 ஆண்டுகளில் வெறும் 20 டாலர் பெற்றுச் சேர்ந்திருந்தவர்களுக்கு மூன்றாண்டோடு பணி முடிந்ததாகக் கொண்டார்கள். அந்தத் தொகையை ‘ஊக்கத்தொகை’ என்று எழுதினால், அது பணிக்காலத்தைத் தீர்மானித்தது ஏன் என்று வாசகருக்கு விளங்காது.

அடுத்த சொல் ‘ஸ்பெசிஃபிக் சப்ளைஸ்’ (specific supplies). தாள்பணம் மதிப்பிழந்துகொண்டிருந்த 1780 பிப்ரவரியில், காங்கிரசு மாநிலங்களிடம் மாட்டிறைச்சி, மாவு, ரம், உலர்புல் எனப் பண்டங்களாகவே கேட்டது. (அடுத்த மாதமே அந்தத் தாள்பணத்தின் மதிப்பை, 40 தாள் டாலருக்கு 1 நாணய டாலர் என்று அதுவே குறைத்தது.) கோரிக்கை குடிமக்கள்மீது விதிக்கப்பட்டதன்று, மாநிலங்களிடம் வைக்கப்பட்டது, எனவே ‘பண்டவரி’ ஆகாது. பண்டம் சேமிப்பிடத்துக்கு வந்தாலும், வண்டிக்கூலிக்குப் பணமின்றி முகாமுக்குப் போய்ச்சேராமல் கிடந்ததும் உண்டு என்பதால் ‘வழங்கல்’ என்பதும் பொய்யாகிவிடும். இப்போதைக்குப் ‘பண்டப் பங்கு’ என்று குறித்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.