விழுந்ததைச் சொல்லாத நம்ம வீட்டுப் பெரியவங்க

தக்கலை பக்கத்திலிருந்து:

எங்க மாமிக்கு 74 வயசு. கிணறும் துவைக்கிற கல்லும் வீட்டுக்குப் பின்னால. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. இடவப்பாதியில, அதாவது ஜூன்ல தொடங்குற மழையில, பிடிச்ச பாசி காயுமுன்ன ஐப்பசி மழை வந்துரும். ஒருநாள் முழங்கையில சிராய்ப்போட வந்தாங்க. கேட்டா, "மரத்துல உரசிட்டு மக்களே"ன்னாங்க. வழுக்கி விழுந்தது பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிஞ்சுது. "சொன்னா கிணத்தடிக்கே விடமாட்டியளே"ன்னு மாமி கண்கலங்கினாங்க. அந்தப் பயத்துல நியாயம் இருக்கு. விழுந்தவங்களை உட்கார வைக்கிறதுதான் எல்லா வீட்லயும் நடக்குது. நாங்க மாமியைத் தடுக்கல. பிளீச்சிங் பவுடர் போட்டுப் பாசியைத் தேய்ச்சு எடுத்தோம், சொரசொரப்பா சிமெண்ட் பூசினோம், சுவர்ல கைப்பிடிக் கம்பி பதிச்சோம். கிணத்தடி இப்பவும் மாமியோட ராஜ்யம்தான்.

குளச்சலிலிருந்து:

அப்பா கட்டுமரத்துல நின்னு வலை வீசினவர். அவர் வீட்டுக்குள்ள விழுவாருன்னு யாருமே நினைக்கல. ராத்திரி ஒண்ணுக்குப் போக எழும்பினவர் தலைசுற்றிக் கட்டில் ஓரத்துலயே சாய்ஞ்சுட்டார். டாக்டர் அவரைப் படுக்க வச்சும் நிக்க வச்சும் பிரஷர் பார்த்தார். எழும்பி நின்ன 3 நிமிஷத்துக்குள்ள மேல் அளவு 20 புள்ளி இறங்கினாலே கவனிக்கணுமாம். பிரஷர் மாத்திரை, புரோஸ்டேட் மாத்திரை ரெண்டுமே இப்படி இறக்கலாம்னு சொல்லி, மாத்திரையை மாத்திக் கொடுத்தார். நாமளா எதையும் நிறுத்திரக் கூடாது. இப்போ அப்பா எழும்பினதும் கட்டில்லயே கொஞ்சம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிட்டுத்தான் நிக்கிறார். கக்கூஸ் போற வழியில ராத்திரி முழுக்கச் சின்ன விளக்கு எரியுது.

குலசேகரத்திலிருந்து, பிசியோதெரபிஸ்ட்:

ரெண்டு பேரும் எழுதினதை வாசிச்சு மனசு நிறைஞ்சுது. விழுந்த பயத்துல நாற்காலியே கதின்னு இருந்தா தொடைச்சதை மெலியும், அடுத்த தடவை இன்னும் சுலபமா விழுந்துருவாங்க. கையை ஊன்றாம நாற்காலியில இருந்து எழும்பி உட்காருறதே நல்ல பயிற்சி. முதல்ல ஆள் பக்கத்துல நிக்கணும். 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபி வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. "கால் எங்கயாவது தடுக்குச்சா பாட்டா?"ன்னு அடிக்கடி விசாரிங்க. ஏசாம கேட்டா சொல்லுவாங்க.

இன்னொண்ணு, இதைத்தான் முக்கியமாச் சொல்லணும். நம்ம ஊர்ல விழுந்த உடனே வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானைத் தேடுவோம். வர்ம ஆசான்கள் மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனா இடுப்பு வலிச்சு, காலை ஊன்ற முடியாம, அந்தக் கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தா இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கலாம். எண்ணெய் போட்டு உழிய வேண்டாம், தூக்கி நிறுத்தவும் வேண்டாம். அசைக்காம 108-ஐக் கூப்பிடுங்க. எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் மத்ததெல்லாம்.