பழைய ஐபோனில் அட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன, படமும் வரவில்லை: சிஎஸ்எஸ் தெரிந்தவர்கள் உதவுங்கள்

தறிக்காரன்:

வணக்கம். சென்னிமலையில் சித்தப்பாவுக்குப் போர்வைக் கடை. அவருக்காக ஒரு சின்னத் தளம் செய்து கொடுத்தேன். முப்பது போர்வை, விலை, கீழே ஒரு வாட்ஸ்அப் பட்டன், அவ்வளவுதான். என் லேப்டாப்பில் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் பார்த்தேன். என் ஆண்ட்ராய்டு போனிலும் பார்த்தேன். எல்லாம் கச்சிதம். போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்ப் பெருமையாகக் காட்டலாம் என்று சித்தப்பாவின் போனில் திறந்தால் மானம் போய்விட்டது.

அவர் வைத்திருப்பது ஐபோன் 6. போர்வை அட்டைகள், அதாவது ஒவ்வொரு போர்வையின் படமும் விலையும் உள்ள பெட்டிகள், இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. படம் ஒன்றுகூட வரவில்லை. தளத்தின் தலைப்பு, கீழே இருக்கும் சாதாரண எழுத்தின் அளவிலேயே இருக்கிறது. "ஏப்பா, இதுக்கு நோட்டீஸே அடிச்சிருக்கலாமே" என்று சொல்லிவிட்டார்.

போனோடு வரும் சஃபாரி உலாவியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, அதே போனில் இருந்த குரோமில் திறந்து பார்த்தேன். அச்சு அசலாக அதே கோலம். லேப்டாப் குரோமில் சரியாக வருவது போன் குரோமில் ஏன் வரவில்லை? சிஎஸ்எஸ்ஸில், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறியீட்டில், அட்டைகளை வரிசையாக அடுக்க ஃப்ளெக்ஸும் நடுவே இடைவெளிக்குக் கேப்பும் போட்டிருக்கிறேன். தலைப்பின் அளவுக்கு, திரைக்கேற்ப எழுத்தைக் கூட்டிக் குறைக்கும் கிளாம்ப். படங்கள் எல்லாம் வெப்பி வடிவக் கோப்புகள். 'சஃபாரி என்றால் இந்த ஸ்டைல்' என்று ஜாவாஸ்கிரிப்டில் பெயர் பார்த்துப் பிரித்துவிடலாமா?

கோடங்கி:

பெயர் பார்த்துப் பிரிக்க வேண்டாம் தம்பி. அந்தப் போனில் குரோம் என்பது வெறும் பெயர்ப்பலகை. உள்ளே பக்கத்தை வரைவது சஃபாரியின் வெப்கிட்தான். ஐபோனில் எந்த உலாவி வந்தாலும் வெப்கிட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது ஆப்பிள் வைத்த விதி. முதலில் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 17.4 வந்தபோது, அதைத் தளர்த்தினார்கள். அதனால் நீங்கள் ஒரே உலாவியை இரண்டு முறை சோதித்திருக்கிறீர்கள்.

அந்த வெப்கிட்டும் போனின் ஐஓஎஸ்ஸோடு சேர்ந்துதான் புதுப்பிக்கப்படும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்குப் போய்க் குரோமை மட்டும் அப்டேட் செய்வது போல இங்கே முடியாது. ஐபோன் 6 ஐஓஎஸ் 12 வரிசையோடு நின்றுவிட்டது. ஆக சித்தப்பா பார்ப்பது 2018-இல் வந்த சஃபாரி 12. அதை மனதில் வைத்து உங்கள் பட்டியலைப் பாருங்கள். ஃப்ளெக்ஸுக்குள் கேப் சஃபாரிக்கு வந்தது 14.1-இல், அதாவது 2021 ஏப்ரலில். கிளாம்ப் வந்தது ஐஓஎஸ் 13.4-இல். வெப்பி படம் ஐஓஎஸ் 14-இல். மூன்றுமே அவர் போனுக்கு அப்புறம் பிறந்தவை.

படத்துக்கு வழி சுலபம். பிக்சர் டேகுக்குள் வெப்பியை சோர்ஸாகக் கொடுங்கள், உள்ளே இருக்கும் இமேஜ் டேகில் ஜேபெக்கைக் கொடுங்கள். புரிந்த உலாவி வெப்பியை எடுக்கும், புரியாதது ஜேபெக்கை எடுக்கும். நீங்கள் எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

ஒத்தையடி:

2014-இல் வந்த போனுக்காக இவ்வளவு பாடா? அதை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? சித்தப்பாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

தறிக்காரன்:

ஒத்தையடி அண்ணா, தளத்துக்குக் காசு கொடுப்பவரே அவர்தான். அந்தப் போனில் நன்றாக வந்தால்தான் மீதிப் பணம் வரும்.

கோடங்கி அண்ணா, படம் வந்துவிட்டது, ரொம்ப நன்றி. ஆனால் அட்டை விஷயம் தலையைச் சுற்றுகிறது. 'இது உனக்குப் புரியுமா' என்று உலாவியைக் கேட்கும் சப்போர்ட்ஸ் விதி பற்றிப் படித்து, முதலில் அட்டைகளுக்கு மார்ஜின் (சுற்றி இடைவெளி) கொடுத்தேன். 'கேப் புரியும் என்றால் மார்ஜினை எடுத்துவிட்டுக் கேப் போடு' என்று சப்போர்ட்ஸுக்குள் எழுதினேன். பழைய போனில் மார்ஜினாவது நிற்க வேண்டுமே? அதுவும் போய்விட்டது! அந்தப் போன் கேப் தெரியும் என்று பொய் சொல்கிறதா?

மின்மினி:

பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்கிறது. நானும் இதே இடத்தில் ஒரு நாள் முழுக்க மாட்டியிருக்கிறேன்.

கேப் என்ற பெயர் கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்டுக்கும் உண்டு, ஃப்ளெக்ஸுக்கும் உண்டு. சஃபாரி 12-க்கு கிரிட்டில் கேப் தெரியும், ஃப்ளெக்ஸில் தெரியாது. சப்போர்ட்ஸ் விதி 'இந்தப் பெயரும் மதிப்பும் உனக்குப் புரியுமா' என்று மட்டும்தான் கேட்கிறது. எந்த இடத்தில் பயன்படுத்தப் போகிறோம் என்று அதில் சொல்ல வழியே இல்லை. அது ஆமாம் என்கிறது, உங்கள் மார்ஜின் போகிறது, ஃப்ளெக்ஸுக்குள் கேப்பும் வேலை செய்யவில்லை. இரண்டும் இல்லாமல் அட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன.

இந்த விஷயத்தில் ஃபயர்பாக்ஸ்தான் முந்திக்கொண்டது. 2018-லேயே 63-ஆம் பதிப்பில் ஃப்ளெக்ஸ் கேப்பைக் கொடுத்துவிட்டது. குரோம் 84-இல், 2020 ஜூலையில் கொடுத்தது. கடைசியாக சஃபாரி. அந்த இரண்டரை வருடத்தில் கட்டப்பட்ட தளங்களில் இந்த ஓட்டை நிறைய.

எளிய வழி, அட்டைகளுக்கு ஃப்ளெக்ஸையே விட்டுவிட்டு கிரிட்டுக்கு மாறுவது. போர்வை அட்டைகள் எல்லாம் ஒரே அகலம்தானே? ரிப்பீட், ஆட்டோஃபில், மின்மேக்ஸ் மூன்றையும் சேர்த்து எழுதினால் திரைக்கு எத்தனை அட்டை கொள்ளுமோ அத்தனை தானாக நிற்கும். சஃபாரி 12-இலும் கேப் வேலை செய்யும்.

மெனு மாதிரி ஃப்ளெக்ஸ்தான் வேண்டும் என்கிற இடத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. சப்போர்ட்ஸில் கேப்பைக் கேட்காமல், பெட்டியின் நான்கு ஓரங்களின் இடத்தைச் சொல்லும் இன்செட்டைக் கேளுங்கள், மதிப்பு பூஜ்யம். இன்செட் சஃபாரியில் அதே 14.1-இல் ஃப்ளெக்ஸ் கேப்போடு சேர்ந்து வந்தது. குரோமில் 87, ஃபயர்பாக்ஸில் 66. ஆக இன்செட் தெரிந்தால் ஃப்ளெக்ஸ் கேப்பும் தெரியும் என்று நம்பலாம். குரோம் 84 முதல் 86 வரை வைத்திருப்பவர்களுக்குத் தேவையில்லாமல் மார்ஜின் கிடைக்கும், அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்டு இன்னொன்றை ஊகிப்பது அழகில்லைதான். ஆனால் வேலை ஆகிறது. ஏன் இப்படி எழுதினோம் என்று ஒரு கமென்ட் மட்டும் போட்டுவையுங்கள், ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

தறிக்காரன்:

அட்டை கிரிட்டுக்கு மாறிவிட்டது, நிற்கிறது! மின்மினி அக்காவுக்கு ஒரு போர்வை கடன்பட்டிருக்கிறேன்.

மிச்சம் தலைப்பு மட்டும். புரியாத வரியை உலாவி விட்டுவிட்டு முந்தின வரியை எடுத்துக்கொள்ளும் என்று ஓரிடத்தில் படித்தேன். அதனால் மேலே 28 பிக்சல் என்று ஒரு வரி, அதன் கீழே கிளாம்ப் வரி என்று எழுதினேன். 28 பிக்சலாவது வர வேண்டும் அல்லவா? இன்னும் அதே பொடி எழுத்துதான்.

கோடங்கி:

ஒரு சந்தேகம். கிளாம்பை நேராக எழுதினீர்களா, இல்லை மேலே ரூட்டில், அதாவது முழுப் பக்கத்துக்கும் பொதுவான இடத்தில், பெயர் கொடுத்து ஒரு வேரியபிளில் வைத்துவிட்டு அதை இங்கே அழைத்தீர்களா?

தறிக்காரன்:

வேரியபிளில்தான் அண்ணா! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கோடங்கி:

முதல் பதிவிலேயே நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நான்தான் கவனிக்கவில்லை. தலைப்பு சாதாரண எழுத்தின் அளவிலேயே இருக்கிறது என்றீர்கள். கிளாம்பை நேராக எழுதியிருந்தால் அந்த வரி கழிந்துபோய், எச்1 என்னும் தலைப்பு டேகுக்கு உலாவி தானாகக் கொடுக்கும் பெரிய அளவு வந்திருக்கும். அசிங்கமாக இருந்தாலும் பெரிதாக இருந்திருக்கும். சின்னதாக இருக்கிறது என்றால் வேரியபிளாகத்தான் இருக்க வேண்டும்.

நீங்கள் படித்த விதி சரிதான். ஒரு வரியைப் படிக்கும்போதே புரியவில்லை என்றால் உலாவி அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முந்தினதை வைத்துக்கொள்ளும். ஆனால் வரியில் வேரியபிள் இருந்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று அந்த நேரத்தில் பார்க்காது. உங்கள் கடையில் பேலைப் பிரிக்காமலே கையெழுத்துப் போட்டு வாங்கி, பழைய சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவது மாதிரி. கடைசியில் கணக்குப் போடும்போது பிரித்துப் பார்த்தால் உள்ளே புரியாத கிளாம்ப். அதற்குள் 28 பிக்சல் போயே போய்விட்டது. எழுத்தளவு மேலே இருக்கும் டேகிடமிருந்து வாங்கிக்கொள்ளும் குணம் உள்ளது, அதனால் பாடியின், அதாவது பக்கத்தின் சாதாரண எழுத்தின், அளவை எடுத்துக்கொள்கிறது.

செய்ய வேண்டியது: ரூட்டில் அந்த வேரியபிளுக்கு முதலில் வெறும் 28 பிக்சல் கொடுங்கள். அப்புறம் 'எழுத்தளவில் கிளாம்ப் புரியுமா' என்று சப்போர்ட்ஸில் கேட்டு, அதற்குள் வேரியபிளை மாற்றுங்கள். கிளாம்புக்கு இரட்டை அர்த்தம் இல்லை, அதனால் இங்கே சப்போர்ட்ஸை நம்பலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முகப்பில் முழுத்திரைப் படம் வைக்கிறவர் என்றால் உயரத்துக்கு 100 விஎச், அதன் கீழ் வரியில் 100 டிவிஎச் என்று எழுதுங்கள். ஐபோனில் 100 விஎச் என்பது முகவரிப் பட்டை சுருங்கியபின் உள்ள உயரம். பட்டை விரிந்திருக்கும்போது அடியில் இருக்கும் பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். டிவிஎச் அதைச் சரிசெய்கிறது, சஃபாரி 15.4-இலிருந்து உண்டு. இதை வேரியபிளில் போட்டுவிடாதீர்கள், சொல்லிவிட்டேன்.

தறிக்காரன்:

போட்டுத்தான் வைத்திருந்தேன், மாற்றிவிட்டேன். ஒரே ஒரு கேள்வி. நான் இருப்பது கோவையில். ஒவ்வொரு தடவையும் சென்னிமலைக்குப் போகாமல் இதைச் சோதிக்க வழி உண்டா? என்னிடம் மேக் கிடையாது.

மின்மினி:

பிளேரைட் என்ற கருவியில் வெப்கிட்டும் வருகிறது, விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். ஆனால் அது புது வெப்கிட். அதில் உங்கள் தளம் அழகாகத் தெரியும், சித்தப்பா போனில் மறுபடியும் திட்டு விழும். பழைய போன்களை வாடகைக்குத் தரும் சோதனைத் தளங்கள் உண்டு, அதற்குக் காசு ஆகும்.

நான் செய்வது இதுதான். தனியாக ஒரு வெற்றுப் பக்கம் வைத்திருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்டில் சிஎஸ்எஸ் டாட் சப்போர்ட்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. நான் பயன்படுத்தும் ஒவ்வொன்றையும் அதில் கேட்டு, உண்டு இல்லை என்று பெரிய எழுத்தில் அச்சிடும் பக்கம். அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் சித்தப்பாவுக்கு அனுப்பி ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். ஃப்ளெக்ஸ் கேப்புக்கு மட்டும் இது உதவாது, காரணம் மேலே சொன்னதுதான். அதற்கு இரண்டு வெற்றுப் பெட்டிகளை நெடுக்காக அடுக்கி, நடுவே ஒரு பிக்சல் கேப் கொடுத்து, மொத்த உயரம் ஒன்றா பூஜ்யமா என்று அளந்து பாருங்கள்.

ஒத்தையடி:

நேற்று நக்கலடித்தவன் இன்று உங்கள் காலடியில். அலுவலகத்துக்கு ஒரு உள் தளம் செய்தேன். கணக்குப் பிரிவில் இன்னும் விண்டோஸ் 7. அங்கே குரோமில் பாதி ஸ்டைல் காணோம், ஃபயர்பாக்ஸில் அதைவிட மோசம். நான் சிஎஸ்எஸ்ஸை ஒன்றுக்குள் ஒன்றாக நெஸ்டிங் போட்டு எழுதினேன், சில இடத்தில் 'உள்ளே இது இருந்தால்' என்று தேர்ந்தெடுக்கும் ஹேஸ் பயன்படுத்தினேன்.

மின்மினி:

சித்தப்பா போனில் கண்ட கதைதான், கம்ப்யூட்டர் வேறு. விண்டோஸ் 7-க்குக் கடைசிக் குரோம் 109, ஃபயர்பாக்ஸ் 115 நீடித்த ஆதரவுப் பதிப்பு. நெஸ்டிங் குரோமில் 112-இல்தான் வந்தது, ஃபயர்பாக்ஸில் 117-இல். ஆக இரண்டிலும் இல்லை. ஹேஸ் குரோமுக்கு 105-லேயே வந்துவிட்டது, ஃபயர்பாக்ஸுக்கு 121 வரை வரவில்லை. அதனால்தான் ஒன்று பாதி, மற்றது முக்கால்.

நெஸ்டிங்கை சாஸ் போன்ற மாற்றுக் கருவி ஒன்றில் எழுதி, சாதாரண சிஎஸ்எஸ்ஸாக மாற்றி ஏற்றுங்கள். ஹேஸை மற்ற செலக்டர்களோடு (எதற்கு இந்த ஸ்டைல் என்று சொல்லும் பகுதி) காற்புள்ளி போட்டு ஒரே விதியில் சேர்க்காதீர்கள், புரியாத ஒன்று மொத்த விதியையும் கொன்றுவிடும்.

ஒத்தையடி:

காற்புள்ளி! ஏழு இடத்தில் அப்படித்தான் இருக்கிறது. தறிக்காரரே, நேற்று சொன்னதை மறந்துவிடுங்கள்.

தறிக்காரன்:

மறந்தாயிற்று. தலைப்பு 28 பிக்சலில் கம்பீரமாக நிற்கிறது, ஸ்கிரீன்ஷாட் வந்துவிட்டது. அடுத்த செய்தியிலேயே சித்தப்பா கேட்கிறார்: "அந்தச் செவப்புப் போர்வை ஏன் ஆரஞ்சா தெரியுது?" அது நான் டியூப்லைட்டில் எடுத்த படம். அதற்கு இங்கே இழை திறக்க மாட்டேன், இதை மூடிவிடலாம்.