ஏற்காட்டுக் கூடார இசைவிழா: எப்போது மலையேறுவது?

கேள்வி:
வணக்கம். ஏற்காட்டில் கூடாரமிட்டுத் தங்கும் இசைவிழாவுக்குச் சென்னையிலிருந்து ஆறு பேர் வருகிறோம். வெள்ளி அதிகாலை சேலம் சந்திப்பில் இறங்குவோம். உடனே மலையேறலாமா, மாலையில் புறப்படலாமா?

மறுமொழி 1:
காலையிலேயே ஏறிவிடுங்கள். தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் என்றாலும், வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மாலையில் ஒரு பேருந்து வளைவில் திரும்பும்போது எதிரே வரும் காருக்குப் பின்வாங்க இடமில்லாமல் போனால், மொத்த வரிசையும் நின்றுவிடும். சென்ற முறை நாங்கள் நான்கு மணிக்குக் கிளம்பினோம். பாதி மலையிலேயே இருட்டிவிட்டது. கைப்பேசி வெளிச்சத்தில், ஈரத் தரையில் முளைக்குச்சி அடித்தோம். மேட்டுப்பாங்கான இடத்தைப் பகலில்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

மறுமொழி 2:
நானும் உடன்படுகிறேன். பெருங்கூட்ட நாட்களில் அடிவாரச் சாலையை ஏறுவதற்கும் குப்பனூர்ச் சாலையை இறங்குவதற்கும் ஒதுக்குவதுண்டு. இறங்கும் வழி சுற்றுவழி, ஆகவே ஞாயிறு இரவு ரயில் என்றால் நண்பகலுக்குள் கூடாரத்தைச் சுருட்டிவிடுங்கள். வளைவில் குமட்டுபவர்களுக்கு மலையேறுமுன் காலை உணவாக இரண்டு இட்லி போதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஏழு மணிக்குள் புதிய பேருந்து நிலையத்திலிருந்து புறப்பட்டுவிடுகிறோம். இரவுக்கு ஜமக்காளம் போதுமா?

மறுமொழி 1:
போதாது, கம்பளி கொண்டுவாருங்கள். விடியற்காலையில் கூடாரத் துணியின் உட்புறம் நீர்த்துளிகள் கோத்து நிற்கும், ஜமக்காளம் நனைந்துவிடும்.