வயதான போர்விமானிகளை நேரில் சந்தித்தவர்கள் எழுதுங்கள் (அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

கவுன்ட்டர் எண் 4

வங்கியில் ஓய்வூதியப் பிரிவில் இருந்தேன். ஓய்வூதியதாரர்கள் உயிர்வாழ்ச் சான்று தர வரும் நவம்பர் மாதம் எப்படி இருக்கும் என்று அந்த இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். 2016-ல் விமானப்படை ஓய்வூதியதாரர் ஒருவர் வந்தார். வயது 86. விரல்ரேகை வைத்து உயிர்வாழ்ச் சான்று பதியும் ஜீவன் பிரமாண் கருவியில் ரேகை ஏறவில்லை. வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், ஈரத்துணியால் துடைத்து மறுபடியும். ஐந்து முறை ஆயிற்று. ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவர் உயிரோடு இருப்பதைக் கருவி ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. பின்னால் வரிசை வாசல்வரை போய்விட்டது. "அழுத்தி வையுங்கள் சார், விரலே இல்லாத மாதிரி இருக்கிறது" என்று சிடுசிடுத்துவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "டகோட்டா விமானத்தில் லடாக்கில் இருக்கும் லேவுக்குச் சரக்கு கொண்டுபோவோம் அம்மா. சரக்கு இறங்கும்வரை எஞ்சினை அணைக்கவே மாட்டோம். அந்தக் குளிரில் அணைத்தால் திரும்பக் கிளம்புமா என்று யாருக்குத் தெரியும்? நீங்கள் என்னை நடுவில் அணைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது" என்றார். வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காகிதப் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

லே 11,500 அடிக்கு மேலே இருக்கிறது. 1948 மே மாதம் விமானப்படை அதிகாரி மெஹர் சிங் அங்கே முதல் டகோட்டாவை இறக்கியது பலருக்குத் தெரியும். கேபினில் காற்றழுத்தத்தைக் காக்கும் வசதி இல்லாத விமானம் அது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அதே வழியில் போய்வந்தவர் இவர். படிவத்தில் கையெழுத்திடும்போது, நடுங்கும் வலது மணிக்கட்டை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

மாடிப்படி

எங்கள் கீழ்வீட்டில் குடியிருந்தவர் 1965 போரில் நாட் (Gnat) என்ற சிறிய போர்விமானம் ஓட்டியவர். தெருவுக்கே அவருடைய கதை மனப்பாடம். பாகிஸ்தானின் சேபர் போர்விமானம் ஒன்றின் பின்னால் சரியாகப் போய் நிற்கிறார், பொத்தானை அழுத்துகிறார், இரண்டு துப்பாக்கிகளும் அடைத்துக்கொள்கின்றன, சேபர் தப்பிவிடுகிறது. முடிக்கும்போது தொடையில் ஒரு அறை அறைந்து "போயிற்று!" என்பார்.

கடைசியாக அவரைப் பார்த்தபோது அதே கதையைத்தான் சொன்னார். அடைத்துக்கொண்ட இடம் வந்ததும் கை தொடைக்குப் போகவில்லை. "அவன் ஒரு கணம் தலையைத் திருப்பிப் பார்த்தான். ஹெல்மெட்தான் தெரிந்தது. நல்லவேளை" என்றார்.

உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமி எழுந்து வந்தார். "ஐம்பது வருடமாகக் கேட்கிறேன். ஒரு நாளும் நல்லவேளை என்று சொன்னதில்லையே?" என்றார். அவர் பதில் சொல்லாமல் காப்பி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். மாமி கையில் கீரைத்தண்டோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

தரவு கேட்பவன்

மேலே எழுதியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. 1965-ல் சுடாமல் திரும்பியவர்கள் பலரும் இதே கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாட் விமானத்தின் 30 மில்லிமீட்டர் துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதே விமானத்தில்தான் டிரெவர் கீலர் சேபரை வீழ்த்தியதற்காக என்று வீர் சக்ரா விருது வாங்கினார், அவருடைய அண்ணன் டென்சிலும் அதே போரில் வாங்கினார். விமானத்தைக் குறை சொல்வதற்கு முன் இதையும் சொல்ல வேண்டாமா?

"நல்லவேளை" என்பதிலும் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. 1971 நவம்பர் 22 அன்று அன்றைய கிழக்கு பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய போய்ராவில் நம்முடைய நான்கு நாட் விமானங்கள் சேபர்களை மடக்கின. மூன்றை வீழ்த்தியதாக நாம் சொல்கிறோம், இரண்டுதான் என்கிறது பாகிஸ்தான். பாரசூட்டில் குதித்துப் பிடிபட்ட இருவரில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி 1997-ல் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியானார். ஆக, சுட்டால் ஆள் செத்துத்தான் போக வேண்டும் என்பதில்லை. விழுவது விமானம். மாமா அதை அறியாதவராக இருக்க முடியாது. வயதான காலத்தில் மனம் இளகிச் சொல்வதை வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் அனுபவம் பெரிதாக ஒன்றுமில்லை. ரயிலில் எதிர் இருக்கையில் ஹன்டர் விமானி ஒருவர் கோயம்புத்தூர்வரை வந்தார். வழியெல்லாம் ஓயாத பேச்சு. சூலூர் நெருங்கியதும் நிறுத்திவிட்டார். விமானதளம் இருக்கும் திசையையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கும்வரை ஒரு வார்த்தை இல்லை. ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை.

மாடிப்படி

நான் வரலாறு எழுதவில்லை ஐயா. மாமியின் முகத்தைப் பற்றி எழுதினேன்.

பேத்தி

என் தாத்தா இரண்டாம் உலகப்போரில், 1944-ல், இம்பாலில் ஹரிகேன் போர்விமானம் ஓட்டினார். பின்னாளில் விமானப்படைத் தளபதியான அர்ஜன் சிங் தலைமையில் அங்கே இருந்த முதலாம் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) தான். உளவு பார்க்க இரண்டு இரண்டு விமானமாகப் போவார்கள். ஒருவர் கீழே சாலையையும் பாலத்தையும் பார்ப்பார், இன்னொருவர் முன்னவரின் முதுகைக் காப்பார். தாத்தா பெரும்பாலும் முதுகைக் காப்பவர். பிறகு நீண்ட காலம் பயணிகள் விமானத்தில் கேப்டன். அந்தக் காலத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். இம்பாலைப் பற்றிக் கேட்டால் மழையை மட்டும் சொல்வார்.

கல்லூரி விடுமுறையில் அவருடைய லாக் புக்கை (விமானி தன் பறப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடு) புரட்டிக்கொண்டிருந்தேன். தேதி, விமான எண், யார், எவ்வளவு நேரம், எல்லாம் ஒரே அளவு எழுத்தில். ஒரு வரியின் கடைசிக் கட்டத்தில் ஒரு பெயரும் "திரும்பவில்லை" என்ற பொருளில் இரண்டு ஆங்கிலச் சொற்களும் இருந்தன. அதற்கு அடுத்த வரி மறுநாள் தேதி. நாற்பது நிமிடம், சோதனைப் பறப்பு. அதே மை, அதே எழுத்து.

"மறுநாளே பறந்தீர்களா தாத்தா?" என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். "வானிலை நன்றாக இருந்தது" என்றார்.

அன்று போனது அவர் காத்துவந்த முதுகா என்று கேட்க வாய் எழவில்லை. அவர் போய் ஒன்பது வருடமாகிறது.

ராமபாணம்

சகோதரி, லாக் புக் இப்போது எங்கே இருக்கிறது? பரணில் இருந்தால் இன்றே இறக்குங்கள். பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டவே கூடாது, சில வருடங்களில் பசை மஞ்சளாகிக் காகிதத்தையே தின்றுவிடும். லேமினேஷன் பேச்சே வேண்டாம். அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் படமெடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள், பென்சில் குறிப்பு இருக்கும். புகைப்படங்களின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள், மென்மையான பென்சில் போதும்.

பெரியவர் உயிரோடு இருக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. பிஸ்டன் எஞ்சின் இரைச்சலில் வருடக்கணக்காக உட்கார்ந்தவர்களுக்கு முதலில் போவது உச்சஸ்தாயிச் சத்தங்கள்தான். கத்தாதீர்கள். எதிரே, வாய் தெரியும்படி உட்கார்ந்து, நிதானமாகக் கேளுங்கள். "போரில் எத்தனை பேரைக் கொன்றீர்கள்" என்று ஆரம்பிக்கவே கூடாது. "காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவார்கள்" என்று கேட்டுப் பாருங்கள், தானாக வரும்.

என் சித்தப்பா பாக்கெட் (Packet) என்ற சரக்கு விமானம் ஓட்டியவர். முதுகில் கூடுதலாக ஒரு ஜெட் எஞ்சினைச் சுமந்துகொண்டு லடாக்குக்குப் போகுமே, அதுதான். அவருடைய மூன்று லாக் புக்குகளையும் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டது நான்தான்.

ஃபிட்டர் மகன்

எல்லோரும் விமானியைப் பற்றியே எழுதுகிறீர்கள். அந்த எஞ்சினைத் தயார் செய்தவனும் இருந்தான். என் அப்பா ஹன்டர் ஸ்குவாட்ரன் ஒன்றில் எஞ்சின் ஃபிட்டர். பறப்பதற்கு முன் தரைப் பணியாளர்கள் விமானம் தயார் என்று படிவம் 700-ல் கையெழுத்திடுவார்கள், அதைப் பார்த்து விமானியும் கையெழுத்திட்டால்தான் விமானம் அவருடையது.

அந்த ஸ்குவாட்ரனின் விங் கமாண்டர் ஒருவர் ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊரிலேயே குடியேறினார். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார், அப்பாவே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். ஏறுவதற்கு முன் "700-ல் கையெழுத்துப் போட்டுவிட்டாயா?" என்று கேட்பார். அப்பா குனிந்து இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு "போட்டாயிற்று சார்" என்பார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதே நாடகம். இருவரில் ஒருவர்கூடச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த வருடம் ஸ்கூட்டரை நான் ஓட்ட வேண்டியிருந்தது. விங் கமாண்டர் வழக்கம்போலக் கேட்டார். அப்பா திண்ணையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. விங் கமாண்டர் கையமர்த்திவிட்டு, 81 வயதில், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து தானே முன் டயரை அழுத்தினார்.

"காற்று குறைவு" என்றார்.

ஒரு வாரமாக அதில்தான் நான் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். உண்மையிலேயே குறைவாகத்தான் இருந்தது.