கலந்து குட்டி போடுகிறதே, அப்புறம் எப்படி இரண்டு இனம்?

பட்டர்வொர்த் வாசு:
எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) உயிரியலில் எல்லோரும் எழுதியதுதான். இரண்டு விலங்கு கூடி, பிறக்கும் குட்டிக்கும் குட்டி பிறந்தால் ஒரே சிற்றினம் (பேச்சில் இனம் என்கிறோமே, அதுதான்). குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. அது மலடு, ஆகவே குதிரை வேறு, கழுதை வேறு. மதிப்பெண் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

இப்போது சபாவுக்கு வாருங்கள். கினபாத்தாங்கான் ஆற்றோரத்தில் 2017-இல் ஒரு விசித்திரக் குரங்கைப் படம் பிடித்தார்கள். நீள்மூக்குக் குரங்குக்கும் வெள்ளி லோத்தோங் என்ற இன்னொரு குரங்குக்கும் பிறந்ததாக இருக்கலாம் என்று 2022-இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. எழுதியவர்களில் நம் பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரும் உண்டு. 2020-இல் அதே குரங்கு மார்பு பெருத்து, கையில் குட்டியோடு நிற்கிறது. அப்பாவும் அம்மாவும் ஒரே பேரினம்கூட (சிற்றினத்துக்கு மேல்படி) இல்லை!

ஒன்று, பாடப்புத்தக விதி குப்பை. இல்லை, இரண்டு குரங்கும் ஒன்றுதான். என் கட்சி இது: சிற்றினம் என்பது ஆய்வாளர்கள் வசதிக்குச் செய்த பெட்டி. "புதிய இனம் தோன்றியது" என்றால் பெட்டியில் வேறு சீட்டு ஒட்டியாயிற்று என்று அர்த்தம்.

ஜெலுத்தோங் டீச்சர்:
வாசு, அந்தக் கட்டுரை படங்களை அளந்து எழுதியது. டிஎன்ஏ எடுக்கவில்லை. வேறு குரங்கின் குட்டியைத் தூக்கி வைத்திருக்கவும் வாய்ப்புண்டு, இந்த வகைக் குரங்குகளில் அது சகஜம். சரி, கலப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஏன் அங்கே நடந்தது? செம்பனைத் தோட்டங்கள் காட்டை ஆற்றங்கரையோரம் ஒரு பட்டையாக நெருக்கிவிட்டன. முன்பு விலகிப் போக இடமிருந்த இரண்டு கூட்டமும் இப்போது அதே கரையில் அடைகின்றன. நீள்மூக்கு ஆண்குரங்கு லோத்தோங் பெண்குரங்கோடு சேர்ந்ததையும் அங்கே பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம், எர்ன்ஸ்ட் மைர் என்ற உயிரியலாளர் 1942-இல் சொன்ன அந்த விதி இரண்டு தனி விலங்குகளைப் பற்றியதே அல்ல, கூட்டங்களைப் பற்றியது. இயற்கையில் இந்தக் கூட்டத்தின் மரபணு அந்தக் கூட்டத்துக்குள் தாராளமாக ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு கலப்புக் குட்டியால் இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிடவில்லை.

செந்தூல் செல்வா:
தாராளமாக என்றால் எவ்வளவு டீச்சர்? ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மனிதர்கள் உடம்பில் 1 முதல் 2 விழுக்காடு நியண்டர்தால் என்ற பழைய மனிதர்களின் டிஎன்ஏ இருக்கிறது. பழைய எலும்பிலிருந்து டிஎன்ஏ படித்ததற்காக ஸ்வான்டே பேபோவுக்கு 2022-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். நியண்டர்தால் வேறு இனமா, நம் இனமா? இதில் ஆய்வாளர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். வாசு அண்ணன் சொல்வதில் விஷயம் இருக்கு லா.

தோட்டத்து மணியம் (பாலிக் பூலாவ்):
நான் படித்தவன் இல்லை, தினம் பார்க்கிறதைச் சொல்கிறேன்.

டுரியான் பூ பிற்பகலுக்கு மேல்தான் விரியும். இருட்டியதும் வௌவால் வரும், தேன் குடிக்கும் சின்ன வௌவால். மூஞ்சியைப் பூவுக்குள் விட்டு எடுத்தால் முகம், கழுத்து எல்லாம் மகரந்தம். காலையில் மரத்தடியில் இதழும் மகரந்தக் காம்பும் மெத்தையாகக் கொட்டிக் கிடக்கும். அதே வௌவால் பக்கத்துப் பெத்தாய் மரத்துக்கும் போகும். பெத்தாய் மகரந்தம் டுரியான் பூவில் ஒட்டாமலா இருக்கும்? ஒட்டும். ஆனால் அங்கே முளைத்துச் சூல் வரை இறங்காது. இரண்டுக்கும் நடுவில் மலையும் இல்லை, கடலும் இல்லை. தடை பூவுக்குள்ளேயே இருக்கு.

இன்னொன்று. வாடிக்கையாளர்கள் டுரியானில் மூசாங் கிங் ஒரு இனம், டி24 ஒரு இனம் என்று சண்டை போடுவார்கள். எல்லாம் ஒரே சிற்றினம், ஒட்டுக் கட்டிக் காப்பாற்றுகிறோம், அவ்வளவுதான். மூசாங் கிங் கொட்டையை நட்டுப் பாருங்கள், என்ன பழம் வரும் என்று எனக்கே தெரியாது. ஆனால் போர்னியோவில் விளையும் டுரியான் டாலிட் நிஜமாகவே வேறு சிற்றினம். அதுவும் நம் டுரியானும் அங்கே கலந்து இடைப்பட்ட மரங்கள் உண்டு.

பட்டர்வொர்த் வாசு:
மணியம் அண்ணே, மாங்காய்க்கும் மாட்டுக்கும் பிள்ளை பிறக்காது என்பதை யார் மறுத்தார்கள்? பெத்தாய் எங்கே, டுரியான் எங்கே! பக்கத்து உறவில் வரும்போதுதான் கோடு அழிகிறது, டாலிட் கதையே என் சாட்சி. ஒராங் ஊத்தானையும் பாருங்கள். போர்னியோவையும் சுமத்ராவையும் விலங்குக்காட்சிச் சாலைகளில் கலந்து வளர்த்தார்கள், குட்டிகளும் குட்டி போட்டன. அப்புறம் "இரண்டும் தனி இனம்" என்று அறிவித்துவிட்டார்கள்.

ஒரே ஒரு இனம் மனிதன் கண்ணெதிரே பிறந்ததைக் காட்டுங்கள்.

ஜெலுத்தோங் டீச்சர்:
காட்டுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவிலிருந்து டிராகோபோகன் என்ற களைச்செடியில் மூன்று சிற்றினங்கள் அமெரிக்காவின் வடமேற்கே போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் 12 குரோமோசோம். அங்கே ஒன்றோடொன்று கலந்தபோது சில செடிகளில் குரோமோசோம் தொகுதி இரட்டித்து 24 ஆனது. மேரியன் ஓன்பீ என்பவர் 1950-இல் இப்படித் தோன்றிய இரண்டைப் புதிய சிற்றினங்களாக விவரித்தார். புதுச்செடியைத் தாய்ச் செடியோடு கலந்தால் குட்டிச்செடிக்கு 12-இல் பாதி 6, 24-இல் பாதி 12, மொத்தம் 18. மூன்று தொகுதி இருப்பதால் மூன்றாவதற்கு ஜோடி சேர ஆளில்லாமல் விதை உருவாவது கெட்டுப்போகிறது. நீங்கள் சாப்பிடும் வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கு முக்கியக் காரணம் இதேதான்: 11 வீதம் மூன்று தொகுதி, 33. (பீசாங் மாஸ் என்ற சின்ன வாழை அப்படியல்ல, அதற்கு 22-தான்.) ஆக, செடி பிறந்த அன்றே பெற்றோரிடமிருந்து பிரிவும் கூடவே பிறந்தது. இதில் எந்த ஆய்வாளரும் சீட்டு ஒட்டவில்லை.

விலங்கு வேண்டுமா? கலாபகஸ் தீவுகளில் டாஃப்னே மேஜர் என்ற குட்டித் தீவு. 1981-இல் வேறு தீவிலிருந்து ஓர் ஆண் குருவி வந்து சேர்ந்தது. உடம்பு பெரிசு, பாட்டு வேறு. உள்ளூர்ப் பெண்குருவியோடு கூடியது. பிள்ளைகள் அப்பனின் பாட்டைப் பாடியதால் உள்ளூர்க் குருவிகள் சீண்டவில்லை. அவை தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்தன. கிராண்ட் தம்பதியர் என்ற ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் காலில் வளையம் போட்டுக் கவனித்தார்கள், 2017-இல் டிஎன்ஏ ஆய்வும் அதையே சொன்னது.

செந்தூல் செல்வா:
செடிக் கதை எடுபடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். குருவிக் கதை அவ்வளவு இல்லை. சுமார் 30 பறவை, அதுவும் அண்ணன் தங்கச்சி ஜோடி சேர்ந்து வளர்ந்த கூட்டம். ஒரு பெரிய வறட்சி வந்தால் கதை முடிந்தது.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நடந்தது தெரியுமா? சிக்லிட் மீன்களில் பெண்மீன் நிறம் பார்த்துத்தான் ஆணைத் தேர்ந்தெடுக்கும். தண்ணீர் கலங்கியதும் நிறம் தெரியவில்லை, வெவ்வேறு இனங்கள் கலந்து மங்கிப்போய்விட்டன. 1997-இலேயே எழுதிவிட்டார்கள். சேறு கலந்தால் அழியும் கோட்டுக்கு எவ்வளவு மரியாதை கொடுப்பது?

ஜெலுத்தோங் டீச்சர்:
கொடுக்க வேண்டிய மரியாதை அதுதான் தம்பி. தெளிந்த தண்ணீரில் அந்தப் பிரிவு நிஜமாக வேலை செய்தது. அதைக் காத்த காரணம் போனதும் பிரிவும் போனது. பிரிவு ஒரே பூட்டில் நிற்பதில்லை. நேரம், இடம், பாட்டு, நிறம், மகரந்தம் முளைப்பது, குட்டியின் மலட்டுத்தன்மை என்று பல தடைகள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் இளம் இனம் சுலபமாகக் கலைந்துபோகும். வாசு சொன்ன விலங்குக்காட்சிச் சாலையும் இப்படித்தான். கூண்டில் அடைத்தால் கடலையும் காட்டையும் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் நாமே எடுத்துவிடுகிறோம்.

நம் பினாங்குக் கொடிமலைக்கே வருவோம். அங்கே பட்டை போட்ட ஒரு காட்டுப் பல்லி உண்டு. தீபகற்பம் முழுக்க ஒரே சிற்றினம் என்று நினைத்திருந்தார்கள். 2012-இல் உடலமைப்பையும் டிஎன்ஏவையும் பார்த்துப் பலவாகப் பிரித்தார்கள். பழைய பெயர் பினாங்குத் தீவுப் பல்லிக்கு மட்டும் மிஞ்சியது.

பட்டர்வொர்த் வாசு:
பார்த்தீர்களா! அந்தப் பல்லிகளைக் கூட்டி வைத்துக் குட்டி பிறக்கிறதா என்று யாராவது சோதித்தார்களா? இல்லை. விதி மைர் எழுதியது, பெயர் வைப்பது செதிலை எண்ணி. சுமார் 20,000 வருடத்துக்கு முன் கடல் 120 மீட்டர் கீழே இருந்தது, பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு நடந்தே வரலாம். அப்போது பல்லி எங்கே போயிற்று?

தோட்டத்து மணியம் (பாலிக் பூலாவ்):
காட்டுப் பல்லி பாறை இடுக்கை விட்டுச் சமவெளியில் நடந்து வராது தம்பி. உங்க ஊர் வெயிலில் நானே நடக்க மாட்டேன்.

ஜெலுத்தோங் டீச்சர்:
மேகச் சிறுத்தையும் அப்படித்தான். போர்னியோ, சுமத்ரா, தீபகற்பம் எல்லாம் நிலத்தால் சேர்ந்திருந்த காலங்கள் உண்டு. ஆனாலும் தீவுச் சிறுத்தையும் நம் தீபகற்பச் சிறுத்தையும் பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் பிரிந்தவை என்று 2006-இல் டிஎன்ஏ காட்டியது. நிலம் சேர்ந்தால் இனம் சேரும் என்று கட்டாயமில்லை.

நீங்களே ஒராங் ஊத்தானை இழுத்தீர்கள், அதிலேயே முடிப்போம். 2017-இல் சுமத்ராவின் தப்பானுலிக் காட்டு ஒராங் ஊத்தானைத் தனிச் சிற்றினமாக அறிவித்தார்கள். மொத்தமே 800-க்கும் குறைவு. அங்குள்ள தோபா ஏரிக்கு வடக்கே உள்ளவற்றிலிருந்து அது பிரிந்து சுமார் 34 லட்சம் ஆண்டு ஆகிறது. ஆனால் கலப்பு முழுதாக நின்றது வெறும் 10,000 முதல் 20,000 ஆண்டுக்கு முன்புதான் என்று அதே ஆய்வு சொல்கிறது.

பட்டர்வொர்த் வாசு:
நன்றி டீச்சர், என் வழக்கை நீங்களே வாதாடிவிட்டீர்கள். 33 லட்சம் ஆண்டுக்கு மேல் கலந்துகொண்டே இருந்ததற்கு எந்தத் தேதியில் இனம் என்று முத்திரை குத்துவீர்கள்?

ஜெலுத்தோங் டீச்சர்:
தேதி கேட்டால் கிடைக்காது, அதில் உங்களோடு எனக்குத் தகராறு இல்லை. நான் கேட்பது வேறு. இவ்வளவு காலம் கலப்பு சொட்டுச் சொட்டாக நடந்தும் இரண்டு கூட்டமும் ஏன் ஒன்றாகக் கரையவில்லை? ஆய்வாளர் வரைந்த பெட்டி மட்டும் என்றால், அவர் பிறப்பதற்கு முன் அந்தப் பிரிவை யார் காத்தது?

பட்டர்வொர்த் வாசு:
தோபா. நடுவில் அவ்வளவு பெரிய ஏரி இருக்கு டீச்சர்.

ஜெலுத்தோங் டீச்சர்:
இன்றைய ஏரியை உண்டாக்கிய அந்தப் பெரிய எரிமலை வெடிப்பு சுமார் 74,000 ஆண்டுக்கு முன்புதான் நடந்தது. அதற்கு முந்திய 33 லட்சம் ஆண்டுக்கு?