தாத்தாவுக்கு பாலிகிளினிக்ல பாதி மாத்திரை தான் கிடைக்குது, என்ன பண்றது?

எங்க தாத்தாவுக்கு 78 வயசு, 1971 பாகிஸ்தான் சண்டைல இருந்தவர், ஹவில்தாரா ரிட்டையர் ஆனாரு. மாசா மாசம் ரெண்டு பஸ் மாறி இசிஎச்எஸ் (ரிட்டையர்டு மிலிட்டரிக்காரங்களுக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் போறாரு, காலைல 6 மணிக்கு கிளம்பினா வீடு திரும்ப சாயங்காலம் ஆயிடுது, அவ்ளோ தூரம் போயும் சுகர் மாத்திரைய குடுத்துட்டு ஹார்ட் மாத்திரை ஸ்டாக் இல்லன்னு அனுப்பிடுறாங்க. மிலிட்டரிக்காரராச்சே, எதிர்த்து ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. போன மாசம் மிச்சம் இருந்த ஹார்ட் மாத்திரைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு சமாளிச்சிருக்காரு, பாட்டி அட்டைய எண்ணிப் பாத்து தான் கண்டுபிடிச்சாங்க. வேற வழி இருக்கா?

ரிட்டையர்டு நாயக்
தம்பி, ஸ்டாக் இல்லன்னா சும்மா திரும்பி வரக்கூடாது. இசிஎச்எஸ்ல அதுக்கு வழி இருக்கு, மருந்துச் சீட்டுல என்ஏ சீல் போட்டு வாங்கணும், அதாவது அந்த மருந்து அங்க இல்லன்னு அவங்களே எழுதிக் குடுக்குறது. அப்புறம் வெளிய வாங்கி பில்லு, சீட்டு ரெண்டையும் வச்சு கிளைம் பண்ணலாம். சீல் இல்லாம பில் குடுத்து ரெண்டு தடவை எனக்கு திரும்பி வந்துச்சு. எத்தனை நாளுக்கு வாங்கலாம்னு முதல்லயே கேட்டுக்கோங்க, இஷ்டத்துக்கு மூணு மாசத்துக்கு வாங்கிடாதீங்க.

தஞ்சாவூர் பொண்ணு
கைல காசு போட்டு வாங்குறப்போ ஜன் ஔஷதி கடைல இல்ல முதல்வர் மருந்தகத்துல (2025 பிப்ரவரில தொடங்கினாங்களே) கேட்டுப் பாருங்க, விலை நிறைய குறையும். கம்பெனி பேர சொல்லாதீங்க, உள்ள இருக்குற மருந்து பேர், எத்தனை எம்ஜினு சொல்லுங்க. எங்க அப்பா படுத்த படுக்கை, அவரோட இசிஎச்எஸ் கார்டும் அவர் கைப்பட எழுதின லெட்டரும் கொண்டு போய் நான் தான் வாங்கிட்டு வரேன். உங்க பக்கம் ஒத்துக்குறாங்களானு ஒரு போன் போட்டு கேளுங்க, தாத்தாவ ஏன் அலைய விடணும்.

கிராம நர்ஸ்
சுகர், பிரஷர் மாத்திரைக்கு அவ்ளோ தூரம் போகவே வேணாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021லருந்து இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் பதிஞ்சா வீட்டுக்கே வந்து குடுப்பாங்க, பென்ஷன் வாங்குறவருக்கும் தான். ஆனா ஒண்ணு, ரெண்டு இடத்துலயும் வாங்கிடாதீங்க. அங்க ஒரு கலர் அட்டை, இங்க ஒரு கலர் அட்டை, ரெண்டுமே மெட்ஃபார்மின்ங்கிற அதே சுகர் மாத்திரையா இருக்கும், வயசானவங்க வேற வேறன்னு நினைச்சு ரெண்டையும் போட்டுருவாங்க. இத நான் நேர்லயே பாத்துருக்கேன்.

கேள்வி கேட்டவர்
எல்லாருக்கும் நன்றி. இப்ப தான் தாத்தாவோட பென்ஷன் புக்கு நடுவுல மடிச்சு வச்சிருந்த சீட்டெல்லாம் எடுத்துப் பாத்தேன், நாலு மாசமாவே சீல் இருக்கு! என்னனு அவங்களும் சொல்லல, இவரும் கேக்கல. பில் தான் இல்ல, மருந்த வாங்கவே இல்லயே மனுஷன். அடுத்த தடவை நான் கூடப் போறேன்.