சிஎஸ்ஆர் செலவும் லாபமும் சேர்ந்தே ஏறுகின்றன, ஆனால் நம்ப முடியவில்லை. உதவுங்கள்

எம்காம்_கடைசி_பெஞ்ச்:

கோவையில் எம்.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மேடம் கொடுத்த புராஜெக்ட் தலைப்பு: நிறுவனங்களின் சமூகப் பொறுப்பும் (சிஎஸ்ஆர்) நிதிச் செயல்பாடும். பட்டியலிடப்பட்ட சில கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் பிரித்து, சிஎஸ்ஆருக்குச் செலவழித்த தொகையை ஒரு பத்தியிலும் நிகர லாபத்தை இன்னொரு பத்தியிலும் எக்செல்லில் போட்டேன். ஒட்டுறவுக் கெழு (இரண்டு பத்தியும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் எண்) ஒன்றை நெருங்கி வருகிறது. "கருதுகோள் நிரூபணம் ஆகிவிட்டது, எழுத ஆரம்பி" என்கிறார் மேடம்.

எனக்குத்தான் உறுத்துகிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கட்டிக் கொடுத்ததால் ஒரு சிமெண்ட் கம்பெனிக்கு லாபம் ஏறியது என்று எப்படி எழுதுவது? வைவாவில் இதைக் கேட்டால் என்ன சொல்வேன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிவிடெண்ட்_தாத்தா:

லாபம் வந்தவன் தானம் கொடுக்கிறான். தானம் கொடுத்ததால் லாபம் வந்தது என்று எழுதினால் வெளித்தேர்வாளர் டீயைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார்.

பீளமேடு_செகரட்டரி:

அம்மணி, உன் சந்தேகம் நியாயமானது. நான் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கம்பெனி செகரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே சிஎஸ்ஆர் தொகையைக் கணக்குப் போட்டது என் மேசையில்தான்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவை எடுத்துப் படி. 2014 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் எதையாவது தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருட லாபத்தின் சராசரியில் 2% செலவழிக்க வேண்டும். அதாவது உன் முதல் பத்தியே இரண்டாவது பத்தியிலிருந்து பிறந்ததுதான். சம்பளத்தையும் பிஎஃப் பிடித்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிஎஃப் கூடப் பிடித்தால் சம்பளம் ஏறும் என்று முடிவு கட்டுகிற மாதிரி. அந்த லாபத்தை 198ஆம் பிரிவுப்படி வரிக்கு முன் கணக்கிட வேண்டும் என்பதாலும், பழைய வருடங்களின் சராசரி என்பதாலும்தான் உனக்குக் கெழு முழுசாக ஒன்று வரவில்லை.

சரி, ரூபாயை விட்டுவிட்டு, அந்தச் சராசரி லாபத்தில் எத்தனை சதவீதம் என்ற விகிதத்தை எடுக்கலாமே என்று தோன்றும். எடுத்துப் பார், பெரும்பாலும் 2.0 அல்லது 2.01 என்றுதான் வரும். ஆரம்ப வருடங்களில் செலவழிக்காவிட்டால் காரணத்தை போர்டு அறிக்கையில் எழுதினால் போதும். 2021 ஜனவரி 22 முதல் அந்தக் கதை நடக்காது. நடந்துகொண்டிருக்கும் திட்டத்துக்கான பணம் மிச்சமிருந்தால், நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். மற்றபடி மிச்சமானதை ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட நிதிகளில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அபராதம். எல்லாரும் ஒரே எண்ணில் நிற்கும்போது எதை வைத்து எதை விளக்குவாய்?

போர்டு ரூமில் நான் கேட்ட பேச்சையும் சொல்கிறேன். பிப்ரவரி கடைசியில்தான் ஞாபகமே வரும். "இதனால் நமக்கு என்ன நன்மை?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "மார்ச் 31க்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் யார் தருவார்கள்? அந்த டிரஸ்டுக்கு சிஎஸ்ஆர்-1 எண் (சிஎஸ்ஆர் பணம் வாங்கத் தேவையான பதிவு எண்) இருக்கிறதா?" இவ்வளவுதான் கேள்வி. ஒரு வருடம் எம்.டி.க்கு ஒரே கவலை, பள்ளிச் சுவரில் கம்பெனி பெயர் எவ்வளவு பெரிதாக வரும் என்பது. பெயிண்டர் நல்ல மனுஷன், நன்றாகவே எழுதினார். மறுவருடம் பம்ப் அதிகம் விற்றது. மழை பொய்த்து, போர்வெல் ஆழமாகப் போன வருடம் அது!

செலவு என்று பார்த்தாலும் சலுகை குறைவு. 1961 வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவில் 2014இல் ஒரு விளக்கம் சேர்த்ததிலிருந்து சிஎஸ்ஆர் தொகையைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாது. அப்புறம் பங்குதாரர் எப்படிக் கொண்டாடுவார்? 2017இல் மஞ்சிராஜு, ராஜ்கோபால் இருவரும் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படி. இந்தச் சட்டத்தால் செலவழித்தே ஆக வேண்டிய கம்பெனிகளின் பங்கு விலை சராசரியாக 4.1% இறங்கியது என்கிறார்கள். விளம்பரத்துக்கு அதிகம் செலவழிக்கும் கம்பெனிகளுக்கு மட்டும் அந்த அடி விழவில்லை. தர்மபாலா, கன்னா செய்த இன்னொரு ஆய்வு இதைவிடச் சுவாரசியம். ஏற்கெனவே 2%க்கு மேல் செலவழித்துக்கொண்டிருந்த பெரிய கம்பெனிகள், சட்டம் வந்ததும் குறைத்துக்கொண்டன.

இதை வைத்துப் பொறுப்புக்கும் லாபத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதிவிடாதே. பக்கத்தில் திருப்பூரைப் பார். சாயக்கழிவு நொய்யலில் கலந்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. துணிக்குச் சாயம் ஏற்ற வெளியூருக்கு லாரி அனுப்பியவர்களைக் கேள், பொறுப்பு தவறினால் லாப நட்டக் கணக்கில் எந்த வரியில் அடி விழும் என்று சொல்வார்கள். ஆனால் கழிவைச் சுத்திகரிக்கும் செலவு சிஎஸ்ஆர் பத்தியில் வராது. வேறு சட்டப்படி செய்தே ஆக வேண்டியதை சிஎஸ்ஆராகக் காட்டக்கூடாது என்பது விதி. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் செய்வதும் அப்படித்தான். ஒரு தொழிலைத் தூக்கி நிறுத்துவதோ கவிழ்ப்பதோ எல்லாம் உன் எக்செல்லுக்கு வெளியே கிடக்கிறது.

முத்துநகர்_வாசி:

செகரட்டரி ஐயா சொன்னதற்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு சாட்சி. ஸ்டெர்லைட் ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிரம் எடுத்த ஆலை. அதை நடத்திய கம்பெனியின் ஆண்டறிக்கைகளில் சிஎஸ்ஆர் பக்கங்களுக்குக் குறைவில்லை. 2018 மே 22, 23 துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 28இல் அரசு ஆலையை மூடியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மூடியது சரி என்றது. ஓடாத ஆலையில் என்ன லாபம்?

வகுப்பறை_எண்_12:

மேலாண்மை பாடம் நடத்துகிறேன். செகரட்டரி சொல்வது இந்தியக் கட்டாயச் செலவுக்கு முழுக்கப் பொருந்தும். ஆனால் கட்டாயம் இல்லாத அமெரிக்கத் தரவில் கதை வேறு. லின்ஸ், செர்வேஸ், தமாயோ 2017இல் காட்டியது: 2008-09 நெருக்கடியில், சமூகப் பொறுப்பு மதிப்பீடு உயர்ந்திருந்த கம்பெனிகளின் பங்குகள் மற்றவற்றைவிட 4 முதல் 7 சதவீதப் புள்ளி கூடுதல் வருவாய் தந்தன. நெருக்கடியில் நம்பிக்கைக்கு விலை உண்டு என்பது அவர்கள் விளக்கம். லாபம் முன்னா, பொறுப்பு முன்னா என்றால், வாடாக், கிரேவ்ஸ் 1997லேயே இரண்டு பக்கமும் ஓடுகிறது என்றார்கள். எல்லாவற்றையும் தள்ளுபடி செய்துவிட வேண்டாம்.

பீளமேடு_செகரட்டரி:

ஒப்புக்கொள்கிறேன் சார். ஆனால் அவர்கள் அளந்தது ஊழியர் உறவு, சுற்றுச்சூழல், மனித உரிமை எல்லாம் சேர்ந்த மதிப்பீடு. நன்கொடைத் தொகையை மட்டும் இல்லை. நான் சொல்லும் திருப்பூரும் அந்தப் பக்கம்தானே நிற்கிறது.

எம்காம்_கடைசி_பெஞ்ச்:

எல்லாருக்கும் நன்றி. தலைப்பைப் பல்கலைக்கழகத்தில் பதிந்துவிட்டார்கள், மாற்ற முடியாது. இருக்கிற நாளில் என்ன செய்யலாம் ஐயா?

பீளமேடு_செகரட்டரி:

தலைப்பு அப்படியே இருக்கட்டும் அம்மணி. சிஎஸ்ஆர் தொகைக்குப் பதில் பிஆர்எஸ்ஆர் (தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கையிலிருந்து தரவு எடு. சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகளுக்கு 2022-23 முதல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அதைக் கட்டாயமாக்கியது. விபத்து விகிதம், வேலையை விட்டுப் போனவர்கள், தண்ணீர்ப் பயன்பாடு, வந்த புகார்கள் எல்லாம் அதில் இருக்கும். என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) தளத்தில் கிடைக்கும். ஒரே துறையை எடு. ஸ்பின்னிங் மில்லையும் ஐடி கம்பெனியையும் கலக்காதே. அறிக்கை வந்ததற்கு அடுத்த வருட லாபத்தோடு ஒப்பிடு, கம்பெனியின் அளவையும் கணக்கில் சேர். சில வருடத் தரவுதான் இருக்கிறது, அதனால் பெரிய முடிவு எதையும் அறிவிக்க வேண்டாம்.

பழைய அட்டவணையைத் தூக்கிப் போடாதே, 135ஆம் பிரிவின் கீழ் அதை வைத்து ஒரு பக்கம் எழுது. மேடத்திடம் போய்த் தப்பு என்று வாதாடவும் வேண்டாம். அந்தப் பிரிவை அச்செடுத்து, 2% என்ற இடத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டுக் கொடு. வணிகவியல் படித்தவர்தானே, அவரே பார்த்துக்கொள்வார்.